ஒரு முட்டை இடைவெளி

மத்தியானம் மூன்று மணிக்கு ரோலண்டின் பிக்கப் வண்டி முகாமின் வளைவில் திரும்பியபோது டெல்மர் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதால்தான் கோப்பையின் வலது விளிம்புக்கு வெளியே ஒரு வாய்க் காப்பி மேசைப் பலகையில் வழிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பலகையில் ஏற்கெனவே நேற்றைய கறை ஒன்று இருந்தது, முந்தாநாள் கறையும் இருந்தது. தொப்பியைக் கழற்றி எல்லாவற்றின் மேலும் வைத்தார்.

செப்டம்பர் மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் ஏரிக்கரை முகாமில் இருந்ததெல்லாம் ஓய்வுபெற்ற ஜோடிகள்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வந்த ஒரு டிரெய்லர் வீடு, அதற்கு முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு ஒன்று அவர்களுக்கு உண்டு. புதிதாக வருகிறவர் தன் வீட்டை மரங்களுக்கு நடுவே ரிவர்ஸில் செருகுவதை வேடிக்கை பார்ப்பது. பார்ப்பதாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள், செய்தித்தாளுக்கு மேலே கண் மட்டும் தெரியும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள், மூன்றாவது தடவை முன்னால் போய்ப் பின்னால் வரும்போது இரண்டு பேர் குரலும் உயரும். நாற்பது வருஷத்துக் குடித்தனத்தின் வண்டவாளமெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். டெல்மருக்கும் அவர் மனைவி மார்லிஸுக்கும் அந்த அவமானம் நேர்ந்ததே இல்லை. ஒரே தடவையில் உள்ளே போய்விடுவார்கள். எதிர்ச்சாரியில் யாராவது செய்தித்தாளை மடித்து வைப்பார்கள். டெல்மருக்கு அது கைதட்டல் மாதிரி.

ரோலண்ட் விஸ்கான்சின்காரர். முப்பத்தைந்து வருஷம் பால் டேங்கர் ஓட்டி, மாட்டுக்கொட்டகைச் சந்துகளில் ரிவர்ஸ் எடுத்தே ரிட்டயர் ஆனவர். ஒன்பது வருஷமாகச் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பக்கத்து இடம் அவருக்கும் அவர் மனைவி லவானுக்கும்தான். போன ஜனவரியில் லவான் இறந்துபோனாள். மார்லிஸ் இரங்கல் அட்டை எழுதினாள், டெல்மரும் அதில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு ரோலண்ட் தனியாக வந்திருந்தார். டிரெய்லரின் வாலைத் தன் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது, எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. செய்தித்தாள்கள் மெல்லக் கீழே இறங்கின. பால் டேங்கர் சூரனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று டெல்மருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அதற்காக வெட்கப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மார்லிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, கையை ஜீன்ஸில் துடைத்தபடி எழுந்து போய்விட்டாள்.

டெல்மருக்கு எப்போதும் இடப்பக்கம் நிற்பவள், ரோலண்டுக்கு வலப்பக்கம் போய் நின்றாள். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள். வாங்க வாங்க என்றாள், லெஃப்டில் ஒடிக்கச் சொன்னாள், நேராக்கச் சொன்னாள். ரோலண்ட் ஒரே கையால் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னபடியெல்லாம் வந்தார். அப்படி அடியில் பிடிப்பது பால்காரன் பழக்கம் என்று டெல்மர் ஒன்பது வருஷமாகக் கேலி செய்துவந்தார். டிரெய்லரின் பின்மூலை பைன் மரத்தை நெருங்கியது.

"முட்டை" என்றாள் மார்லிஸ், உரக்க.

பிரேக் விளக்கு அந்தக் கணமே சிவந்தது.

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை அவர் மனசுக்குள்ளும் 'அவர்' ஆக இருந்த ரோலண்ட், அந்த நிமிஷத்திலிருந்து 'அவன்' ஆகிவிட்டார்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், பதின்மூன்று அடி நீளத்தில் ஒரு பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவர்கள் முதல் தடவையாக ஒரு முகாமுக்குப் போனார்கள். மார்லிஸ் வழியில் வாங்கிய இரண்டு டஜன் முட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் கை காட்டிக்கொண்டிருந்தாள். டயர் முட்டையை நோக்கிப் போவதைப் பார்த்ததும் அவளுக்கு நிறுத்து என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "முட்டை! முட்டை!" என்றுதான் கத்தினாள். டெல்மர் ஜன்னலில் தலையை நீட்டி, எனக்கு ரெண்டு போடு என்று பதிலுக்குக் கத்திவிட்டு, நிம்மதியாகப் பின்னால் வந்தார். இருபத்துநாலும் போயிற்று. இருவரும் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்று முதல் அவர்களுக்குள் முட்டை என்றால் நிறுத்து. போகப்போக அது அளவும் ஆயிற்று. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முட்டை வைக்கிற இடம் மிச்சமிருக்கும்போது அவள் சொல்லுவாள், அவர் மிதிப்பார். அரிசோனாவில் இருக்கிற மகளுக்குக்கூட இந்த அர்த்தம் தெரியாது.

பெண்பிள்ளை குரல் உயர்ந்தால் யாரானாலும் பிரேக்கை மிதிப்பார்கள் என்று டெல்மர் தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. முப்பத்தெட்டு குளிர்காலம் மாவட்ட நிர்வாகத்தின் பனி வாரும் வண்டியை ஓட்டியவர் அவர். ஓட்டுகிறவனின் காலைப் பற்றி அவருக்குத் தெரியும். தெரியாத வார்த்தை காதில் விழுந்தால் கால் அரை நொடி யோசிக்கும், தலை ஜன்னலுக்கு வெளியே வந்து என்ன என்று கேட்கும். அவன் கேட்கவில்லை. அவன் காலுக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. எப்போது, எங்கே, யார் பழக்கினார்கள்? இந்த மூன்று கேள்வியும் அன்று சாயங்காலத்திலிருந்து டெல்மரை விடவில்லை.

ஊரில் அவர்கள் வீடு பெரியது. டெல்மர் கீழ்த்தளத்தில் டெலிவிஷனோடு இருப்பார், மார்லிஸ் மேலே தையல் மெஷினோடு இருப்பாள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குப் படிக்கட்டில் நின்று குரல் கொடுக்க வேண்டும். சில நாள் குரல் கொடுக்கிற அலுப்பில் தனித்தனியாகவே சாப்பிட்டுவிடுவார்கள். டிரெய்லர் இருபத்துநாலு அடி. அதில் ஒருவர் நின்றால் ஒருவர் உட்கார வேண்டும். அவள் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே போகும்போது ஒவ்வொரு தடவையும் அவர் முழங்காலை மடக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவள் அவர் தோளில் கை ஊன்றித்தான் போவாள். காலையில் அவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் எழுந்திருக்க வேண்டும், அவள் தூக்கத்திலேயே திட்டுவாள். டெல்மர் மே மாதம் எப்போது வரும், பனி எப்போது உருகும் என்று காத்திருந்தது ஏரிக்காகவும் மீனுக்காகவும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லுவார். உண்மையில் அந்தத் தோளில் ஊன்றுகிற கைக்காகத்தான் காத்திருந்தார். அவ்வளவு வெளிப்படையாக அவர் தனக்குள்கூட ஒப்புக்கொண்டதில்லை.

அதனால்தான் அடுத்த இரண்டு நாளும் அவருக்கு நரகமாக இருந்தது. மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், நாலு பேருக்குக் குறைவாகச் சமைக்கத் தெரியாது. கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் வைத்த ஹாட்டிஷில் பாதியை மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து டிரெய்லருக்குப் போனாள். காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், டெல்மர் டிரெய்லரின் வெயில் மறைப்பைத் தாங்கும் கம்பி ஒன்று சரியாக மடங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஸ்பேனர் கொண்டுவந்து ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டான். அதை ஜூலையிலிருந்து நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் டெல்மர். மார்லிஸ் அந்தக் கம்பியை மூன்று தடவை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது வருஷமாகக் காலை ஐந்தரைக்குப் படகை எடுத்துக்கொண்டு போய் எட்டு மணிக்குத் திரும்புகிறவர், இந்த இரண்டு நாளும் படகைத் தொடவில்லை. நாற்காலியை இரண்டு டிரெய்லருக்கும் நடுவே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மீன் பிடிக்கப் போகலையா?" என்றாள் மார்லிஸ்.

"கடிக்காது. தண்ணி சூடா இருக்கு."

"செப்டம்பர்லயா? மீனெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சாக்கும்." அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்துத் தானே காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வேவு பார்ப்பது தெரிந்துதான் இப்படிக் குழைகிறாள் என்று டெல்மர் நினைத்தார்.

மீன்பிடிப் பெட்டியைத் திறக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. மண்புழு டப்பாவுக்கு அடியில், மார்லிஸ் கை வைக்கவே மாட்டாள் என்று தெரிந்த இடத்தில், மார்ச் மாதம் கண் டாக்டர் கொடுத்த காகிதம் மடித்துக் கிடந்தது. வலது கண்ணின் பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வருகிறது, போனது திரும்பாது, வண்டி ஓட்டுவது பற்றி யோசியுங்கள் என்று அதில் இருந்தது. டெல்மர் யோசித்தார். இடது கண் இருக்கிறது, வண்டியில் இடப்பக்கக் கண்ணாடி இருக்கிறது, அதில் மார்லிஸ் இருக்கிறாள், போதும் என்று முடிவு செய்திருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மூன்று பேருமாகச் சீட்டு ஆடினார்கள். டெல்மர் அதற்காகவே ஒரு தூண்டிலைத் தயார் செய்து வைத்திருந்தார். கையிலிருந்த சீட்டை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், நாளைக்குக் காலையில் எல்லாருக்கும் நான் முட்டை போடட்டுமா என்று கேட்டார். அவர் சமைத்து அந்த ஏரி பார்த்ததில்லை. ரோலண்ட் சிரிக்கவில்லை, மார்லிஸைத்தான் பார்த்தார். மார்லிஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் ரோலண்ட், "எனக்கு ரெண்டு போடும்யா" என்றார்.

அப்படியானால் அவனுக்கு முழுக்கதையும் தெரியும். டயரும் தெரியும், இரண்டு டஜனும் தெரியும், ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியதும் தெரியும். இருபத்தெட்டு வயது டெல்மரையும் இருபத்தாறு வயது மார்லிஸையும் எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறாள். சீட்டைக் கீழே வைத்து, வடக்கே பெரிய ஏரியின் கரைக்கு நாளைக்கே கிளம்பலாம், இலை நிறம் மாறியிருக்கும் என்றார். இன்னும் இரண்டு நாள் இங்கே இருக்கிறதே என்றாள் மார்லிஸ். இலை நமக்காகக் காத்திருக்காது என்றார் டெல்மர். அவர் வாழ்க்கையில் இலை பார்ப்பதற்காக எங்கேயும் போனதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் சரி என்றாள்.

காலையில் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிவிட்டு டெல்மர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்த பிறகு, ரோலண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக வந்தார். மார்லிஸ் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அப்படியே நின்னுட்டேனே, வழி தெரியாம இல்ல" என்றார் ரோலண்ட். "லவான் சொல்லித்தான் நான் ரிவர்ஸ் எடுக்கணும்னு இருந்ததே இல்ல. அவ தப்புத்தப்பாத்தான் கை காட்டுவா. ஆனா அன்னிக்குப் பாக்குறேன், கண்ணாடியில ஆள் இல்ல."

"ம்" என்றார் டெல்மர்.

"அவங்க வந்து நின்னாங்க. அதுக்காக உமக்கும் நன்றி சொல்லணும்."

உன் கண்ணாடியில் ஆள் இல்லை என்பதற்கு என் பெண்டாட்டிதான் கிடைத்தாளா என்று டெல்மரின் தொண்டை வரை வந்தது. அவர் வளர்ந்த ஊரில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பத்திரமாப் போய்ச் சேரும் என்றார், போகப்போவது தான்தான் என்பதைக்கூட மறந்து.

வடக்கே நாலு மணி நேரம். மார்லிஸ் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்தாள். அது சாம்பல் நிறத்தில் ஆண்பிள்ளை அளவில் இருந்தது. டெல்மர் அதன் தோளை ஓரக்கண்ணால் அளந்து பார்த்தார். தன் தோளா, அவன் தோளா என்று தெரியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், அதனால் கேட்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன, வலப்பக்கத்து மரங்கள் அவருக்குப் பாதிதான் தெரிந்தன. இலை எப்படி என்று மார்லிஸ் ஒரு தடவை கேட்டாள். இலை மாதிரி இருக்கிறது என்றார்.

புது முகாமில் கொடுத்த இடம் சாலைக்கு வலப்பக்கத்தில் இருந்தது. ஓட்டுகிறவன் இடப்பக்கம் உட்காருகிற அந்த நாட்டு வண்டியில், வலப்பக்கமாக ரிவர்ஸ் எடுப்பது நல்ல கண் உள்ளவனுக்கே சிரமம். டிரெய்லரின் வால் ஓட்டுகிறவன் பார்வைக்கு மறைவாகப் போகும். இடத்தின் வல ஓரத்தில், மின்சாரப் பெட்டி பொருத்திய மரக்கம்பம் ஒன்று நின்றது. எதிரே நாலு மடக்கு நாற்காலி, நாலு செய்தித்தாள். மார்லிஸ் இறங்கிப் பின்னால் போய், வழக்கம்போல இடப்பக்கம் நின்றாள். டெல்மர் ஜன்னலை இறக்கினார். இடது கண்ணாடியில் அவள் சிறியதாக, கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வா… வா… ரைட்ல ஒடி… ஒடி… இப்ப நேராக்கு… வா வா வா…"

கையும் குரலும் அதேதான். மூன்று நாளைக்கு முன்னால் அவனுக்குக் காட்டிய அதே கை. டெல்மருக்கு ஒவ்வொரு 'வா'வும் எச்சில் தட்டில் விழுந்த சோறு மாதிரி இருந்தது. அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? எங்கே வைத்துச் சொல்லியிருப்பாள்? சொல்லும்போது சிரித்தாளா? டிரெய்லர் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"முட்டை!"

கேட்டது. தெளிவாகக் கேட்டது. நாற்பத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தைக்கு ஓடிப்போய் மிதித்த கால், அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றது. அவனும் இதற்குத்தானே மிதித்தான் என்று மனசில் ஓடிய நேரம், அவ்வளவுதான்.

பின்னால் மரம் முனகுவது மாதிரி ஒரு சத்தம், அதன் மேல் கண்ணாடி உடையும் சத்தம். எதிரே நாலு செய்தித்தாளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. அந்த மரியாதைதான் டெல்மரால் தாங்க முடியாததாக இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார். வலது பின்மூலை நசுங்கி, சிவப்பு விளக்கு நொறுங்கி, கம்பம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவ்வளவு பெரிய கம்பம். இவ்வளவு பெரிய கம்பமா இங்கே இருந்தது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்லிஸ் கத்தவில்லை. உடைந்த சில்லுகளைக் குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா?"

காது மந்தம் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எதிர்ச்சாரி வரை கேட்ட குரலுக்கு அந்தப் பொய் நிற்காது. விழுந்தது என்றால் ஏன் நிறுத்தவில்லை என்று சொல்ல வேண்டும், எழுபது வயதில் பொறாமையில் வெந்துகொண்டிருப்பதைச் சொல்ல வேண்டும். விழவில்லை, கம்பமும் தெரியவில்லை என்றால் மண்புழு டப்பாவுக்கு அடியில் இருப்பதைச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் ஓட்டுநர் இருக்கை கிடையாது. இரண்டில் எந்த வெட்கம் கொஞ்சம் சின்னது என்று பார்த்தார்.

"விழுந்துச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"அந்த வார்த்தைய அவன்கிட்டயும் சொல்லியிருக்க." சொன்ன பிறகு குரல் தனக்கே குழந்தைக் குரலாகப் பட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "எப்ப சொன்ன?"

மார்லிஸ் சில்லுகளைக் கம்பத்தின் அடியில் வைத்தாள். "போன வருஷம். நீ காலையில மீன் பிடிக்கப் போனேல்ல, அப்போ. எட்டு நாள் காலையில."

எட்டு நாள். டெல்மர் படகில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த எட்டுக் காலை. என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டேன். அவங்க டிரெய்லரை வச்சு, முகாமுக்குப் பின்னால காலி மைதானம் இருக்குல்ல, அங்க. நான் ஓட்டினேன், அவரு பின்னால நின்னாரு. லவான் போர்வையப் போத்திக்கிட்டு நாற்காலியில உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருந்தா. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு அவரு கத்துறாரு, எனக்குக் கால் பிரேக்குக்குப் போகவே மாட்டேங்குது. நிறுத்துறதுக்கு நாப்பது வருஷமா எனக்கு வேற வார்த்தையாச்சே. ரெண்டு தடவ வேலியில இடிச்சேன். அப்புறம்தான் சொல்லிக் குடுத்தேன். முட்டைன்னு சொல்லுங்க, நின்னுடுவேன்னு."

"என்கிட்ட கத்துக்கிட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேட்டா, எதுக்குடீன்னு கேப்ப. அதுக்கு நான் பதில் சொல்லணும்ல?" அவள் நிமிர்ந்து அவருடைய வலது கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணை மட்டும் பார்த்தாள். "ரெண்டு வருஷமா கோப்பைக்கு வெளிய காப்பி ஊத்துற, டெல்மர். தொப்பிய வச்சு மூடுற. தபால் பெட்டிய ரெண்டு தடவ உரசிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் மேல பழியப் போட்ட. ரெண்டு வருஷமா நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு என்னிக்காவது யோசிச்சியா?"

டெல்மர் யோசித்தார். ஆரம்பத்தில் அவள் இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் நிற்பாள். எப்போதிருந்து இடப்பக்கம் மட்டும் என்று அவருக்கு நினைவில்லை. இது தன்னுடைய ஏற்பாடு என்றல்லவா இருந்தார்.

"இந்தக் கம்பம் தெரிஞ்சுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல."

ஒரே மத்தியானத்தில் இரண்டு வெட்கமும் போயிற்று. அப்பாடா என்று இருக்க வேண்டியது, அப்படி இல்லை. தன்னைக் காப்பாற்றத்தான் கற்றுக்கொண்டாள் என்பது புரிந்தது, புரிந்தும் அந்த எட்டுக் காலை அவனுடையதாகவே இருந்தது. அதை அவளாலும் இனித் திருப்பிக் கொடுக்க முடியாது.

மார்லிஸ் கையை நீட்டினாள். சாவி கேட்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சட்டைப்பையிலிருந்து எடுத்தவர், அதைச் சட்டையிலேயே துடைத்தார், இன்னொரு தடவை துடைத்தார், பிறகு கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தாள். அந்த இருக்கையை யாரும் அதுவரை நகர்த்தியதில்லை, கிறீச்சென்றது. கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"நான் எங்க நிக்கணும்?" என்றார் டெல்மர்.

"வலப்பக்கம் நில்லு. எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்."

அவள் டிரெய்லரை முன்னால் இழுத்து நேராக்கினாள். டெல்மர் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் நின்றதே இல்லை. அங்கிருந்து பார்க்க வண்டி இவ்வளவு பெரியதாக, இவ்வளவு கிட்டே வரும் என்று அவருக்குத் தெரியாது. கையை எவ்வளவு உயரத்தில் தூக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. லெஃப்டில் ஒடி என்று சொல்லிவிட்டு, உடனே இல்லை, ரைட்டில் என்று மாற்றினார். வண்டி நின்றது. அவர் கை நிதானத்துக்கு வரும்வரை நின்றுவிட்டுத் திரும்ப நகர்ந்தது. எதிரே இரண்டு செய்தித்தாள் கீழே இறங்கியிருந்தன.

டிரெய்லர் அழகாக வளைந்து உள்ளே வந்தது. பொறுப்பாக, அவசரமில்லாமல், அவர் கொண்டுவருவதைவிட நன்றாகவே வந்தது. திறந்த ஜன்னல் வழியாக அவளுடைய கை தெரிந்தது. ஒரே கை, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில். டெல்மருக்கு மறுபடியும் சுருக்கென்றது. இனி எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஏரிக்கரையில் நுழைந்தாலும், அந்தக் கை அங்கேதான் இருக்கும்.

"வா… வா…" என்றார். கம்பத்துக்கும் நசுங்கிய மூலைக்கும் நடுவே பத்து முட்டை இடம் இருந்தது.

அப்போதுதான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் மார்லிஸின் முகம் மட்டும் இருந்தது. நெற்றி சுருங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தை அவள் பார்க்கவில்லை, மரத்தையோ எதிர்ச்சாரி ஆட்களையோ பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கையையும் வாயையும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்பது மாதிரி பார்த்தாள். இத்தனை வருஷமும் கண்ணாடியில் அவளைப் பார்த்தது அவர். அங்கிருந்து அவள் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்துவிட்டார். எட்டுக் காலை அவன் இந்த இடத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறான்.

ஆறு முட்டை இடம். நாலு முட்டை இடம். வார்த்தை வாய்க்குள் வந்து நாக்கின் மேல் தயாராக இருந்தது. கண்ணாடியில் அவள் கண் அவர் உதட்டுக்கு வந்து, அங்கேயே நின்றது.

மூன்று முட்டை இடம் இருந்தது. சொல்லிவிட்டால் அந்தக் கண் நகர்ந்துவிடும். டெல்மர் கையைத் தாழ்த்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வா என்று அசைத்தார்.